புரட்டாசியில் சுவரொட்டி

15-9-70, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மண்ணூர்பேட்டைப் பாதை முழுக்கச் சேறு. ஃபேக்டரி போய்ச் சேர்வதற்குள் புடவை முட்டிவரை நனைந்துவிட்டது. பகல் முழுக்க அந்த ஈரத்தோடே வேலை.

ஏழாம் மாதம் முடியப்போகிறது. வயிறு இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. இது போதாது என்கிறாள் மும்தாஜ். மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரி. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், மூன்று பெற்றவள். அவள் அண்ணனுக்கு அங்கே ஆட்டுக்கறிக் கடை. (இனி மு. என்றே எழுதுகிறேன். கை வலி.)

"இன்னாடி சரோஜா, ஏழு மாசம்ன்ற, நாலு மாசம் மாதிரி கீது. ஊட்ல சோறு போட்றாங்களா இல்லியா?"

போடுகிறார்கள். அரை வயிற்றுக்கு.

யார் யார் எதெது கூடாது என்றார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

அத்தை: பப்பாளி, அன்னாசி, எள், கருவாடு, கத்தரிக்காய், முட்டை, வேர்க்கடலை. ராத்திரியில் கீரை. ஒட்டினாற்போல் இருக்கும் வாழைப்பழம் (இரட்டைப் பிள்ளை). எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாம் தடவை சோறு.

எதிர்வீட்டுக் காமாட்சி: பலாப்பழம், இளநீர். பிள்ளைக்குச் சளி கட்டுமாம்.

நெமிலிச்சேரியிலிருந்து வந்த என் அம்மா: பரங்கிக்காய். ஏன் என்று கேட்டேன். தெரியாதாம்.

அவர்: எதுவும் இல்லை. "எங்கம்மா சொல்றத கேட்டுக்க சரோ." அதோடு சரி.

இத்தனையையும் தள்ளினால் மிச்சம் ரசம், சுட்ட அப்பளம், பூண்டு. இத்தனைக்கும் அத்தை அவித்த வேர்க்கடலை விற்கிறவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் அவள் கூடைக்கு மதியம் ஒரு கூட்டம் நிற்கும். வீடே கடலை மணம். எனக்கு ஒரு கைப்பிடி கிடையாது. பித்தமாம்.

இன்னொன்று, இங்கே மட்டும் எழுதலாம். பலப்பம் தின்கிறேன். பிள்ளைகள் சிலேட்டில் எழுதும் குச்சி. முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாய்க் கடித்து. இன்று தூறலில் மண் நனைந்த வாசனைக்கே வாய் ஊறிவிட்டது. பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு?

16-9, புதன்

வெயில். புழுக்கம்.

வேலையில் கம்பி இரண்டு முறை அறுந்தது. எனக்கு! நான் சுற்றும் காயிலில் ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாது. புதுப் பெண்கள் சேர்ந்தால் சூப்பர்வைசர் என் மேசைக்குத்தான் அழைத்துவந்து, "இந்தம்மா கையைப் பாருங்க" என்பார். இன்று அந்தக் கை நடுங்கியது. மூன்றாவது காயில் ஏற்றும்போது கண் இருட்டியது. விழவில்லை. மு. தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபேக்டரி நர்ஸ் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். "சுண்ணாம்பு மாதிரி கீதும்மா. வெள்ளிக்கெழம பெரியாஸ்பத்திரி போ. அங்க லேடி டாக்டர் கீறாங்க."

வீட்டில் சொன்னேன். அத்தை கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மயக்கம் எல்லார்க்கும் வர்றதுதான். நானு நாத்து நட்டுகினே பெத்தவ." கொஞ்சம் பொறுத்து, "வெள்ளிக்கெழமதான? நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

போன தடவை ஐந்தாம் மாதம். ஃபேக்டரி வாசலில் தள்ளுவண்டியில் பப்பாளி, இரண்டு துண்டு வாங்கித் தின்றேன். அந்த வாரமே எல்லாம் முடிந்துபோயிற்று. பப்பாளி தின்று பிள்ளையைக் கலைத்தவள் என்று தெருவில் பேர். அத்தை மட்டும் ஒரு நாளும் அதை வாயால் சொன்னதில்லை. ஆனால் பப்பாளி வண்டிக்காரன் குரல் கேட்டால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள்.

18-9, வெள்ளி

ஆஸ்பத்திரி. கூட்டம். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையில். பெஞ்சில் இடம் பிடித்து என்னை உட்காரவைத்து, தான் நின்றாள்.

லேடி டாக்டர் சின்ன வயசு. மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, தூக்கம் போதாத முகம். விரலில் குத்தி எடுத்த ரத்தம் பார்த்துச் சீட்டு வந்தது.

"ரத்தம் எட்டுகூட இல்லையேம்மா. என்ன சாப்பிடுற?"

அத்தை முந்திக்கொண்டாள். "ரசஞ்சோறு, பூண்டு..."

"நான் அவங்களக் கேட்டேன்."

சொன்னேன். சொல்லி முடிக்க நேரமே ஆகவில்லை, அவ்வளவுதான் இருந்தது.

"மண்ணு, சாம்பல், பச்சரிசி, இந்த மாதிரி ஏதாவது தின்னத் தோணுதா?"

அத்தை பக்கத்திலேயே நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம். "பலப்பம்" என்றேன். அத்தை திரும்பி என்னைப் பார்த்தது தெரிந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "ரத்தம் இல்லாத ஒடம்பு அப்படித்தான் கேட்கும். வெட்கப்பட ஒண்ணும் இல்ல."

அந்த ஒரு வார்த்தையில் தைரியம் வந்தது. கேட்டுவிட்டேன். போன தடவை, பப்பாளி, எல்லாம்.

"பழமா, காயா?"

"பழம். நல்லா பழுத்தது."

"பழுத்த பழம் ரெண்டு துண்டு தின்னா கரு கலையாதும்மா. காய் வேணாம், பால் இருக்கும். பழத்தால நீ எதையும் கெடுக்கல. யாரு சொன்னா உனக்கு அப்படி?"

பதிலுக்குக் காத்திராமல் மருந்துச் சீட்டை எடுத்தாள். எழுதிக்கொண்டே சொன்னாள்: முட்டை, ஈரல், சுவரொட்டி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, வெல்லம், வேர்க்கடலை. சாப்பாடு வயிறு நிறைய. சிவப்பு மாத்திரை தினம், டீயோடு சேர்த்து வேண்டாம். பிரசவம் வீட்டில் கூடாது, இங்கேதான் வர வேண்டும்.

சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். சுவரில் எறிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பேர் என்று மு. ஒரு தடவை சொன்னாள். ரத்தம் ஊற அதை மிஞ்சி ஒன்றும் இல்லையாம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பழத்தால நீ எதையும் கெடுக்கல. பழத்தால நீ எதையும் கெடுக்கல. இறங்கும் இடம் வரும்போது அத்தை சொன்னாள்:

"நேத்தே பொரட்டாசி பொறந்துடுச்சி."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாதம் முடியும்வரை இந்த வீட்டு அடுப்பில் கறி, முட்டை, மீன் ஏறாது. அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி.

19-9, சனி

முதல் சனிக்கிழமை. வெயில் நன்றாக. அவருக்கு லீவு. வீடு கழுவி, வாசலுக்கு மாவிலை. அவர் நெற்றியில் நாமம், கையில் நாமம் போட்ட பித்தளைச் சொம்பு. "கோவிந்தா" என்று தெருவில் அரிசி வாங்கிவந்தார். ஆறடி ஆள், லேத்தில் இரும்பையே சீவுகிறவர், அந்த நாமத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பு.

புளிசோறு, சுண்டல், வடை. இன்றைக்குமா அரை வயிறு என்று பார்த்தேன். ஆமாம், இன்றைக்கும். இரண்டாம் தடவை தட்டை நீட்டவில்லை, நீட்டினாலும் வராது.

அவரைக் கேட்டேன், டாக்டர் சொன்னதற்கு என்ன செய்வது என்று. "நீயே அம்மாகிட்ட சொல்லேன் சரோ." தலையைச் சொறிந்தார். கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். என் வயிறு. நானே சொல்கிறேன்.

மத்தியானம் அத்தை பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும்போது போனேன்.

"அத்தே. டாக்டர் சொன்னத நான் துன்னப் போறேன். ஊட்ல சமைக்க வேணாம். கேண்டீன்ல முட்ட வாங்கிக்கிறேன். மும்தாஜ் ஈரல் கொண்டாந்தா அதையும் துன்னுவேன். உங்களுக்குத் தெரியாம பண்ணக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சாம்பலும் புளியும் போட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா."

இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

"ருக்குன்னு பேரு. நல்லா துன்னுவா. வயித்துப் புள்ளக்காரின்னு ஆளுக்காளு குடுத்தாங்கோ. அல்லாத்தையும் துன்னா. புள்ள வயித்துல பெருசாயிடுச்சி. ரெண்டு நாளு வலி. தல வர்ல. தாயும் புள்ளயும் ரெண்டுமே பூட்ச்சி. மருத்துவச்சி இன்னா சொன்னா தெரிமா? துன்னவெச்சே கொன்னுட்டீங்கோன்னா." குடத்தைக் கவிழ்த்தாள். "தெனம் களி கிண்டிக் குடுத்தது நான்தான்."

இத்தனை நாள் அரை வயிறு எதற்கு என்று இப்போது புரிந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். பட்டினி போட்டு என்னைப் பிழைக்கவைக்கப் பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. அத்தைக்கு முன்னால் நான் இதுவரை இப்படிப் பேசியதே இல்லை. குரலும் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

21-9, திங்கள்

கேண்டீனில் அவித்த முட்டை. உப்பும் மிளகும் தூவி. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முட்டை. கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

மு. டிபன் டப்பாவில் ஈரல் மிளகு வறுவல். மூடியைத் திறந்ததும் எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் புரட்டாசி என்று தட்டோடு எழுந்துபோனார்கள். மு. முகம் சுருங்கியது.

"ஒனக்கும் சங்கடமா கீதா? சொல்லிடு, மூடிடறேன்."

"நீ அந்தப் பெரிய துண்ட இப்படித் தள்ளு."

சிரித்துவிட்டாள். காலையில் எழுந்து செய்துகொண்டு வந்திருக்கிறாள், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு. நன்றி என்று சொன்னால் அடிப்பாள்.

மாலை வீட்டு வாசலில் அத்தை. என்னை ஒரு தரம் மூக்கால் பார்த்தாள். அப்படித்தான் எழுத வேண்டும். உள்ளே போக விடவில்லை.

"பின்னால சுடுதண்ணி வெச்சிகீறேன். குளிச்சிட்டு ஊட்டுக்குள்ள வா."

கோபமா, இல்லையா? தண்ணீர் பதமான சூட்டில் இருந்தது. வேப்பிலை போட்டிருந்தாள்.

24-9, வியாழன்

மழை இல்லை. எஸ்டேட் வாசலில் அத்தை கூடை இல்லை. கேட்டுக்கார வாட்ச்மேன்கூடக் கேட்டார், "இன்னாம்மா, கடல ஆயா வர்லியா?" காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கடைபோட வந்தவள்.

வீட்டிலும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள், புடவை ஓரமெல்லாம் புழுதி.

"எங்க பூட்டீங்க அத்தே?"

"கால் வலி. போவல."

கால் வலிக்காரி எங்கே நடந்தாள்? அவரிடம் சொன்னேன். "அம்மா கோவத்துல கீது. வுட்டுடு, தானா வரும்." இரவு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டை, நாலாம் நாள். கை நடுக்கம் அப்படியேதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடுமா என்ன.

26-9, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை. எழுந்தபோது அத்தை இல்லை. வாசல் பெருக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை. அவர் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு தயார். பூஜைக்கு ஆள் இல்லை. "கோயிலுக்குப் போயிருக்கும்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

வெயில் ஏறின பிறகு தெருமுனையில் வந்தாள். கையில் தையல் இலைப் பொட்டலம், அடியில் சிவப்பாய்க் கசிந்துகொண்டு. எதிர்வீட்டில் காமாட்சி தெருவை அடைத்துச் சங்கு சக்கரம் கோலம். தலை நிமிர்ந்தாள்.

"இன்னா முனிம்மா அது? பொரட்டாசி சனிக்கெழமயில கறியா?"

"ஆமா கறிதான். சுவரொட்டி. மொத பஸ்ஸுல பூந்தமல்லி போயி, மும்தாஜ் அண்ணன் கடையில நின்னு வாங்கியாந்தேன்."

"அய்யய்யோ! சாமி குத்தமாயிடும்டி!"

அத்தை தாண்டிப் போயிருக்கலாம். நின்றாள். தெருவுக்கே கேட்கிற குரலில்:

"வியாழக்கெழம டாக்டரம்மாகிட்ட திரும்பப் போனேன்டி. கால் கடுக்க நின்னு கேட்டேன். ஏம்மா, நல்லா துன்னு புள்ள பெருசாயி மாட்டிக்கினா இன்னா பண்ணுவேன்னு. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி தெரிமா? புள்ள பெருசா இருந்தா எடுக்க நான் கீறேன், ரத்தம் இல்லாங்காட்டி நான் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னிச்சி. என் தங்கச்சிக்கு இந்த மாதிரி சொல்ல அன்னிக்கி ஒருத்தி இல்ல. இவளுக்கு கீறா. கேட்டுக்கினு சொம்மா இருக்கச் சொல்றியா?"

"அதுக்குன்னு இன்னிக்கா..."

"பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நேத்தா கும்புட ஆரம்பிச்சேன்? எனக்காக ஒரு தபா பொறுத்துக்கமாட்டாரா அவரு? நீ கோலத்தப் போடு. சக்கரம் கோணிக்கினு கீது பாரு."

வீட்டுக்குள் நுழையாமல் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். மூன்று செங்கல், பழைய மண்சட்டி. சின்ன வெங்காயம் என்னை உரிக்கச் சொன்னாள். மிளகு அம்மியில் அவளே. அவர் நாமத்தோடு வந்து நின்றார்.

"நான் இன்னாம்மா செய்யட்டும்?"

"நீ போயி கோவிந்தா சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்து சத்தமா சொல்லு."

போனார். தெருவில் அவர் குரல் இன்று வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நாலு வீடு தாண்டியும் கேட்டது.

விரதக்காரி, வாயில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. கண்திட்டமாகப் போட்டாள். பின்வாசல் படியில் என்னை உட்காரவைத்துத் தட்டில் சோறு, மேலே கறி. உப்பு எக்கச்சக்கம். சொல்லவில்லை.

"போதும் அத்தே."

"இன்னும் ரவ சோறு போட்டுக்க." மறுபடி சோறு. இரண்டாம் தடவை! கேட்காமலே. பிறகு மூன்றாம் தடவையும் கரண்டியை எடுத்தாள், நான்தான் தட்டை மூடினேன்.

நான் கையலம்பும்வரை எதிரிலேயே குந்தியிருந்தாள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு உள்ளே போய் விளக்கேற்றினாள். விழுந்து கும்பிட்டவள் எழுந்திருக்க நேரமாயிற்று. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாளோ, அல்லது சண்டைதான் போட்டாளோ. பட்டினியாகவே இருந்து, சாயங்காலம்தான் சாப்பிட்டாள்.

எழுதிவைக்கிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது. முனியம்மாவின் மருமகள் என்று சொல்லிக்கொள்ள இன்று பெருமையாக இருக்கிறது.

27-9, ஞாயிறு

காமாட்சி எங்கள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. மத்தியானம் அவள் மகள் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடினாள். "அம்மா குடுக்கச் சொல்லிச்சி." அத்தை கீரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

12-10, திங்கள்

பல நாள் எழுதவில்லை. சாப்பிடவும் தூங்கவும் நேரம் சரியாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி. ரத்தம் ஒன்பதரை! டாக்டர் சீட்டை இரண்டு தரம் பார்த்தாள். "என்ன குடுத்தீங்க பாட்டி?"

அத்தை பச்சைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். சுவரொட்டி வாரம் ஒரு தடவை, கேழ்வரகு அடை, வெல்லம், கீரை பகலில். ("ராத்திரில குடுக்கமாட்டேன், அதுல மட்டும் நீ தலையிடாத.") பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் கேட்டார்கள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். அத்தை பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி நின்றாள்.

பலப்ப ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை. முந்தானை முடிச்சில் இப்போது வேர்க்கடலை. அத்தை தினம் அவளே முடிந்து அனுப்புகிறாள்.

எள் மட்டும் இன்னும் கூடாது. அன்னாசியும். டாக்டரிடம் கேட்கலாம்தான். கேட்கவில்லை. எள்ளுருண்டை இல்லாமல் நான் செத்துப்போக மாட்டேன். அத்தை அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறாள், நான் இதை விட்டுக்கொடுக்கிறேன்.

மாலை ஒரு கூத்து. அவர் பழுத்த பப்பாளி ஒன்று வாங்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார். "டாக்டரே சொல்லிட்டாங்கள்ல." நல்ல எண்ணம்தான். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அத்தை அரிவாள்மனையைக் கொண்டுவந்து அரிந்தாள், ஒரு துண்டு எடுத்து என் பக்கம் நீட்டினாள். நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரியும், இதனால் ஒன்றும் ஆகாது. படித்தவள் வாயால் கேட்டேன். ஆனாலும் வாங்கக் கை நீளவில்லை.

"வேணாம் அத்தே. பயத்துல இல்ல. புடிக்கல."

பொய்தான். அத்தை பெருமூச்சு விட்டு, முழுசையும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள். அவர் மட்டும் ஒரு துண்டு தின்றார். தித்திப்பாம்.

29-10, வியாழன். தீபாவளி

அடைமழை. பட்டாசு எல்லாம் நமுத்துப்போயிற்று. புதுப் புடவை வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. எல்லாரும் சிரிப்பு. விடிகாலையில் இட்லியும் கறிக்குழம்பும். மு. மழையில் குடை பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்தாள். அத்தை அவளுக்கு முதல் இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே, "ஒங்கண்ணன் போன வாரம் குடுத்தது சரியில்ல, பழசு. சொல்லிவை." மு.வுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

குழந்தை இப்போது உதைத்தால் வெளியிலிருந்தே தெரிகிறது. ராத்திரி அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "லேத் மெஷின் ஓடுது" என்றார்.

9-11, திங்கள்

இன்றோடு வேலைக்கு லீவு. கடைசிக் காயிலைச் சுற்றி முடித்து சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "குழந்தைய பாத்துக்கிட்டு நிதானமா வாம்மா. மேசை உனக்குத்தான்." கை நடுக்கம் சுத்தமாக இல்லை. நானே பெருமைப்பட்டுக்கொண்டேன், வேறு யார் படுவார்கள் என்று காத்திருக்கவில்லை.

புதிதாகக் கல்யாணமான வசந்தா டாய்லெட் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவளும் முழுகாமல் இருக்கிறாளாம். அன்று கேண்டீனில் தட்டோடு எழுந்துபோன இருவரில் ஒருத்தி.

"அக்கா, இன்னா துன்னலாம், இன்னா துன்னக் கூடாது? ஊட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்கோ."

சொன்னேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை டாக்டரிடம் கேள் என்றேன். கடைசியில், "உன் மாமியாரயும் இட்டுனு போ. வெளிய நிக்கவைக்காத, உள்ள இட்டுனு போ" என்றேன்.

25-11, புதன். ஆஸ்பத்திரி

பெண்.

உட்கார முடிகிறது. பென்சில் அவர் கொடுத்தது. மழை நின்றிருக்கிறது.

திங்கள் மாலை வலி. தெருவில் முழங்கால் தண்ணீர். சைக்கிள் ரிக்‌ஷாவில் நானும் அத்தையும், பின்னாலிருந்து அவர் தள்ளிக்கொண்டு. இரவெல்லாம் வலி, நேற்று விடிந்த பிறகு பிறந்தது. அழுகை கேட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். ரத்தம் நிற்கவில்லை. கால் பக்கம் ஓடுவது எனக்கே தெரிந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிக்கொண்டே சத்தம் போட்டாள், ஊசி, இன்னொரு ஊசி. காது அடைத்தது. குளிர். அப்புறம் நின்றது.

இன்று காலை ரவுண்டில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நீ வந்த ரத்தத்தோட இது ஆகியிருந்தா, தாங்கியிருக்கமாட்ட. தெரியுதா? நீ சாப்பிட்டது உன்ன காப்பாத்திச்சு."

அத்தை தலைமாட்டில் நின்றிருந்தாள். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தைக்குப் பேச்சு வராமல் இருந்தது இன்றுதான்.

ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. இப்போது வராந்தாவில் அவள் குரல். குழந்தை ஆறரை பவுண்டு, நர்ஸ் என் எதிரில்தான் நிறுத்தாள். அத்தை ஆயாவிடம் சொன்னது ஆறரை. பெருக்குகிறவளிடம் ஏழு. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்களிடம் ஏழரை, "சொம்மா வந்துடுமா? எல்லாம் சாப்பாடு." மாடிப்படியில் மு. வந்துகொண்டிருக்கிறாள் போல, "எட்டு பவுண்டுடி!" என்பது இங்கே கேட்கிறது.

சாயங்காலத்துக்குள் பத்தாகிவிடும். நான் திருத்தப்போவதில்லை.